சுவரைப் பார்த்து நின்றவர்

எங்கள் கம்பெனியில் யார் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தன் ரகசிய வார்த்தையை அடிக்கத் தொடங்கினாலும், சேச்சி உடனே சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். முதலாளி அடித்தாலும் திரும்புவார், நான் அடித்தாலும் திரும்புவார். அந்தச் சுவரில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. பழைய காலண்டர் ஒன்று, மழை ஈரம் ஊறிப் பொரிந்த சுண்ணாம்பு, அவ்வளவுதான். "ஆச்சோ?" என்று கேட்பார். ஆச்சு என்று நாம் சொன்ன பிறகுதான் முகம் இந்தப் பக்கம் வரும்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தேவையில்லாத இடத்தில் ஒருவர் பெயரைப் போடுவது அவருக்குப் பிடிக்காது. பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், வீட்டில் தமிழ் பேசுகிற குடும்பம். பள்ளுருத்தியில் வாடகைக்கு இருந்து பஸ்ஸில் வந்து போனார். நான் அவரை அக்கா முறையில் சேச்சி என்பேன். அவர் என்னை அண்ணன் முறையில் இக்கா என்பார். எங்களில் யார் மூத்தவர் என்று கடைசிவரை இருவரும் கேட்டுக்கொண்டதே இல்லை.

கம்பெனி கொச்சி மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டில் இருந்தது. மிளகும் சுக்கும் வாங்கி, சுத்தம் செய்து, கப்பலில் அனுப்புவார்கள். கீழே குடோன், மேலே ஆபீஸ். நான் குடோனில் மார்க்கா அடிக்கிறவன். எழுத்து வெட்டிய தகரத்தைச் சாக்கின் மேல் வைத்து, கறுப்பு மையில் தோய்த்த பிரஷால் தேய்த்தால் சாக்கில் எழுத்து விழும். சரக்கு யாருடையது, எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது, எந்த லாட் என்பதையெல்லாம் அந்த எழுத்துதான் சொல்லும். நான் நான்காம் வகுப்புவரைதான் படித்தேன். ஆங்கில எழுத்துகளைக் கற்றது தகரத்தில்தான். ஏ முதல் இசட் வரை வரிசையாகச் சொல்லச் சொன்னால் திணறிவிடுவேன். ஆனால் எந்த எழுத்தைக் காட்டினாலும் இன்னதென்று தெரியும்.

எண்பதுகளின் நடுவில் கம்ப்யூட்டர் வந்தது. மேலே கண்ணாடி அடைத்த குளிர் அறையில் பெரிய பெட்டி ஒன்று. அதிலிருந்து கம்பி இழுத்து, திரையுள்ள சின்னப் பெட்டிகள் மூன்று. கொண்டுவந்து வைத்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பெயரும் ஒரே ரகசிய வார்த்தையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். மறந்துவிடக் கூடாது என்று யாரோ அதை இரும்பு அலமாரியின் பக்கவாட்டில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்கள். சாயா கொண்டுவருகிறவருக்குக்கூட அது மனப்பாடம்.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளச் சேச்சியை வேலைக்கு வைத்தார்கள். முதல் நாள் அவர் செய்த முதல் வேலை, ஈரத்துணி கேட்டு வாங்கி அந்த அலமாரியைத் துடைத்தது. மேலே பெரிய சத்தம். கப்பல் காகிதங்கள் பார்க்கும் வாசு சார் படி இறங்கி வந்து எங்களிடம் முறையிட்டார்.

"வந்து ஒரு மணிக்கூர் ஆகல. அதுக்குள்ள நம்மளையெல்லாம் கள்ளன்மாராக்கிட்டாங்க!"

மறுநாள் முதல் சேச்சி ஒரு நீள நோட்டுடன் ஒவ்வொருவரிடமாகப் போனார். நீங்கள் என்ன செய்கிறீர்கள், அதற்கு எதையெல்லாம் பார்க்க வேண்டும், எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டார். மேலே இருந்தவர்களோடு நிறுத்திக்கொள்வார் என்று நினைத்தேன். குடோனுக்கும் வந்தார். யாராவது நேராகப் பார்த்துப் பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவர் சாக்கைப் பார்த்துக்கொண்டே கேட்டதால் எப்படியோ பதில் சொல்லிவிட்டேன்.

"இக்காவுக்கு என்ன ஜோலி?"

"மார்க்கா அடிக்கிறேன்."

"அது கண்டேன். அதுக்கு முன்னாடி?"

"சாக்கு எண்ணுவேன். அடிச் சாக்குல கை விட்டு ஈரம் இருக்கான்னு பாப்பேன். ஈரம் இருந்தா அடிக்க மாட்டேன்."

"அதை யார்கிட்ட சொல்லுவீங்க?"

"வாசு சார்கிட்ட. அவர் மேல எழுதிப்பாரு."

"அப்போ கண்டது நீங்க, எழுதறது வேற ஆளு." நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார். "கண்ட ஆளுதான் எழுதணும்."

அடுத்த வாரம் குடோனுக்கும் ஒரு பெட்டி வந்தது. லாட் சரியாக இருந்தால் நான் அதில் 'தயார்' என்று அடிக்க வேண்டும். அது விழுந்தால்தான் மேலே கப்பல் காகிதம் அச்சாகும். வேறு எதையும் நான் தொட முடியாது. சரக்கு யாருக்குப் போகிறது, என்ன விலை என்பதெல்லாம் என் திரையில் வரவே வராது. வாசு சார் கேலி செய்தார்.

"எந்தாடோ காதரே, இனி நீ எனக்கு மானேஜராக்குமோ?"

ரகசிய வார்த்தை போட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது.

"ஆறு எழுத்தாவது வேணும் இக்கா. என்கிட்ட சொல்லண்டா. வீட்டுல சொல்லண்டா. யார்கிட்டயும் சொல்லண்டா."

"சேச்சிக்கே தெரியாமலா?"

"எனக்கு எதுக்கு? மெஷினுக்குத் தெரிஞ்சா போதும்."

எனக்கு அது உடனே விளங்கியது. எங்கள் தெருவில் பழைய தரகர்கள் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இருவரும் கை கொடுத்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே விரல்கள் பேசும். சுற்றிப் பத்துப் பேர் நின்றாலும் ஒருவருக்கும் விலை தெரியாது. அதைச் சொன்னேன். சேச்சியின் முகம் மலர்ந்துவிட்டது.

"அதேதான் இக்கா! அந்தத் துண்டு இங்க மெஷினுக்குள்ள இருக்கு."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு நன்றாகத் தெரிந்த ஆறு எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடி அடித்தேன். அடித்தது திரையில் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பச்சை எழுத்தில் என் பெயர் வந்தது. வீட்டில் சொன்னபோது என் மனைவி நம்பவில்லை. "ரேஷன் கார்டுல உங்க பேரைத் திருத்த ஒரு வருஷம் அலைஞ்சோம். கம்ப்யூட்டர்ல ஒரே நாள்ல போட்டுட்டாங்களாக்கும்" என்றாள்.

சேச்சிக்கு மட்டும் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று எங்களைப்போலச் சாதாரணப் பெயர். மற்றது எல்லாக் கதவையும் திறக்கிற பெயர். அந்தப் பெரிய பெயரில் உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் ஒரு பதிவேட்டில் மணியும் காரணமும் எழுதிக் கையெழுத்துப் போடுவார். இரண்டு நிமிட வேலைக்கும் எழுதுவார். நீங்களே போய், நீங்களே எழுதி, யாருக்குக் காட்டப் போகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "எனக்குத்தான்" என்றார். அந்தப் பெயரின் ரகசிய வார்த்தையை ஓர் உறையில் போட்டு, அரக்கு வைத்து, ஒட்டின இடத்தில் குறுக்கே கையெழுத்திட்டு முதலாளியின் இரும்புப் பெட்டியில் வைத்திருந்தார். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் கம்பெனி நின்றுவிடக் கூடாதாம். மாதம் ஒருமுறை போய் அரக்கு உடையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார்.

முதலாளிக்கே அவர் எல்லாவற்றையும் கொடுக்கவில்லை. குஜராத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாகக் கொச்சியில் வியாபாரம் செய்யும் குடும்பம் அது. இப்படி ஒரு பதிலை முதலாளி அதுவரை கேட்டிருக்க மாட்டார்.

"கம்பெனி என்னோடது. லாட்டுல நானே கை வைக்கக் கூடாதா?"

"பாக்கலாம் முதலாளி, எல்லாம் பாக்கலாம். மாத்த முடியாது. மாத்தணும்னா குடோன்ல இறங்கிச் சாக்குல கை விடணும். முதலாளி இறங்கறேளா, இன்னைக்கே கொடுக்கறேன்."

முதலாளி சிரித்துவிட்டார். கூட இருந்தவர்களுக்குத்தான் வியர்த்தது.

ஆனால் அவரை நினைத்துச் சங்கடப்பட்ட நாளும் உண்டு. பழைய கேஷியர் ஓய்வு பெற்ற அன்று மேலே சாயாவும் பழம்பொரியும் வைத்து விழாபோல நடத்தினோம். மாலை போட்டு ஒவ்வொருவராகப் பேசிக்கொண்டிருந்தபோது சேச்சி நடுவில் எழுந்து குளிர் அறைக்குள் போனார். திரும்பி வந்தபோது கண் ஈரமாக இருந்தது. நேராகக் கேஷியரிடம் போய், "சாரோட பேரை மெஷின்ல இருந்து எடுத்தாச்சு" என்றார். எல்லோரும் விக்கித்துப்போனோம். மாலைகூட வாடவில்லையே, நாளைக்குச் செய்தால் ஆகாதா என்று எனக்கும் தோன்றியது. கேஷியர்தான் நிதானமாகத் தலையாட்டினார்.

"நன்னாச்சு மோளே. இல்லாட்டி நாளைக்கு வேற ஆளு என் சட்டையைப் போட்டுக்கிட்டுத் திரியும்."

வெளியிலும் அவர் அப்படித்தான். பஸ்ஸில் பக்கத்து ஆள் கடிதம் பிரித்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். போஸ்ட் ஆபீஸில் முன்னால் நிற்கிறவர் ஃபாரம் நிரப்பினால் இரண்டடி பின்னால் போய்விடுவார். அதனால் அவருக்குப் பின்னால் நிற்கிறவர்களிடம் திட்டு வாங்குவார். இப்போது காக்கநாட்டில் பெரிய பெரிய கம்ப்யூட்டர் கட்டடங்கள் வந்துவிட்டன. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், இவர்களுக்குள் யாராவது இப்படித் திரும்பி நிற்பார்களா என்று நினைத்துக்கொள்வேன்.

சேச்சி வந்த மறு வருஷ மழைக்காலத்தில் நாற்பத்தொன்றாம் லாட் என்று ஒரு மிளகு லாட் குடோனில் இருந்தது. அடிச் சாக்குகளில் கை விட்டேன். குளிர்ந்து பிசுபிசுத்தது. மார்க்கா மட்டும் முந்தின வாரமே அடித்திருந்தேன், அப்போது நன்றாக இருந்தது. பிறகுதான் குடோன் தரையில் தண்ணீர் ஏறியிருந்தது. அதனால் 'தயார்' அடிக்காமல் நிறுத்திவைத்தேன். வாசு சாரிடமும் சொன்னேன். கப்பல் போகப்போகிறது என்று அவர் பதறினார். வெயில் வந்தால் உலர்த்தி விடலாம் என்றேன். "வெயிலோட தேதி நீ சொல்லு" என்றுவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் நான் சோறு தின்று திரும்பி வந்தபோது அந்த லாட் லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. கையில் காகிதம் இருக்கிறது என்றார்கள் சுமைக்காரர்கள். மேலே யாரோ பெரியவர்கள் முடிவெடுத்திருப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதுதான் என் சுபாவம். ஐலண்டுக் கப்பல்துறையில் பரிசோதகர் சாக்கில் கம்பியைச் செருகி எடுத்தார். மிளகில் பூசணம். மொத்த லாட்டும் திரும்பி வந்தது.

முதலாளி என்னை மேலே கூப்பிட்டார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் அந்த அறைக்குள் போனதில்லை. கையில் மை இருந்ததால் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மேஜையில் நீளக் காகிதம். நாற்பத்தொன்று, தயார், பக்கத்தில் என் பெயர்.

"பேரு உன்னோடதுதானே?"

"ஆமா முதலாளி."

"அடிச்சது நீதானே?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. வாசு சார் தரையைப் பார்த்துக்கொண்டு, "மெஷினு கள்ளம் பறயுமோ" என்று முணுமுணுத்தார். இரண்டு பிள்ளைகள், ஒருத்தி பள்ளிக்கூடம் போகிறாள். வேலை போனால் மார்க்கா அடிக்கிறவனை வேறு எந்தக் குடோனும் எடுக்காது, நனைந்த சரக்கை ஏற்றிவிட்டவன் என்ற பெயர் எனக்கு முன்னால் பஜார் முழுக்கப் போய்விடும்.

எல்லோரும் சேச்சியைப் பார்த்தார்கள். ஒரு பெயரில் விழுந்தால் அந்த ஆள் செய்ததுதான் என்று ஒரு வருஷமாகச் சொல்லி வந்தவர் அவர். இப்போது நான் செய்யவில்லை என்று அவர் சொன்னால் அந்தப் பேச்சு பொய்யாகும். செய்தேன் என்று சொன்னால் நான் தெருவுக்குப் போவேன்.

"பேரு இக்காவோடது. ஆளு இக்காதானான்னு எனக்கு இப்போ தெரியாது முதலாளி. ஒரு மணிக்கூர் தாங்க" என்றார்.

கீழே வந்து சாக்கு அடுக்கின் அருகில் என்னை நிறுத்தினார்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சேச்சி. வீட்டுல அவகிட்டகூடச் சொல்லல."

"எங்கயாவது எழுதி வெச்சீங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "சேச்சி, அது வந்து..."

"சொல்லண்டா!" இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "எனக்குத் தெரியண்டா!"

சொல்லாமல் எப்படிச் சொல்வது? பக்கத்துச் சாக்கின் மேல் கையை வைத்தேன். கூரைவரை அடுக்கியிருந்த அத்தனை சாக்கிலும், பெரிய கறுப்பு எழுத்தில், என் கையாலேயே அடித்த ஆறு எழுத்துத் துறைமுக மார்க்கா. எனக்கு நன்றாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

சேச்சி என் கையைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், அடுக்கை மேலே வரைக்கும் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு அப்படியே ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"யோசிக்கச் சொன்னேன். எதை யோசிக்கக் கூடாதுன்னு சொல்லலையே இக்கா. இது என் தெற்று, என் தப்பு."

மேலே போய்ப் பெரிய பெயரில் உள்ளே நுழைந்து, பதிவேட்டில் எழுதி, மெஷின் தனக்குள் குறித்துவைத்திருந்ததை எடுத்தார். எந்த மணிக்கு, எந்தப் பெட்டியிலிருந்து என்று அதில் இருந்தது. என்னையும் அழைத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார்.

"அடிச்சது குடோன் பெட்டியிலிருந்து இல்ல முதலாளி. மேல மூணாம் பெட்டி. மத்தியானம் ஒண்ணு பத்துக்கு."

மூன்றாம் பெட்டி வாசு சாரின் மேஜையில் இருப்பது.

"அந்த நேரம் அங்க யாரு?" என்றார் முதலாளி.

சேச்சி கையிலிருந்த காகிதத்தை மேஜையில் வைத்தார். "நான் அங்கதான் இருந்தேன். பிரிண்டருக்கு ரிப்பன் மாத்திக்கிட்டிருந்தேன். ஒருத்தர் வந்து உக்காந்தாரு. நான் எப்பவும்போலச் சுவரைப் பாத்துத் திரும்பிட்டேன்."

அன்று அவர் திரும்பாமல் இருந்திருந்தால் யார் பெயரை அடிக்கிறார்கள் என்று கண்டிருப்பார். அது அவருக்கும் தெரிந்தது. உட்கார்ந்தவர் யார் என்று அவர் சொல்லவில்லை. "இக்காவுக்கு நல்ல வார்த்தை எதுன்னு சொல்லிக்கொடுக்காதது நான். நடபடி எடுக்கணும்னா என் மேல எடுங்க" என்றார்.

வாசு சார்தான் வாய் திறந்தார்.

"நாந்தான் முதலாளி. கப்பலு போயிரும்னு பயந்தேன். மேலாப்புல ஈரம்தானேன்னு நெனச்சேன். சாக்கைப் பாத்து அடிச்சேன், தொறந்துருச்சு." என் பக்கம் பார்க்கவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. என் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க என்னோடு வந்து பேசியவர் அவர்தான். முதலாளி அவரைத் திட்டினார், வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆனால் கோபம் என் பக்கமும் திரும்பியது.

"பழையபடி வாசுவே எழுதட்டும். குடோன் பெட்டியை எடுத்துரு. மார்க்கா அடிக்கிறவனுக்கு எதுக்குக் கம்ப்யூட்டர்ல பேரு?"

"எடுத்தா, இக்கா கண்டதை வேற ஆளு சொல்லணும் முதலாளி. இப்போ நடந்தது அதுதானே?" என்றார் சேச்சி. "பேரு இருக்கட்டும். இனி ஒரு தடவை தெற்றினா ரெண்டு பேரும் போறோம்."

முதலாளி என்னைப் பார்த்தார். "நீ என்னடா சொல்ற?"

"ஈரம் இருந்துச்சு முதலாளி. நான் அடிக்கல." அவ்வளவுதான் வந்தது. அதுவே எனக்குப் பெரிது. முதலாளி கையை ஆட்டிப் போகச் சொன்னார்.

வாசு சார் வராந்தாவில் சேச்சியிடம் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது. "என் பேரை எடுத்துருவீங்களோ?"

"சாருக்கு ஜோலி இருக்குல்ல? ஜோலி இருக்கிறவரைக்கும் பேரு இருக்கும்."

அன்று சாயங்காலம் புது வார்த்தை போட உட்கார்ந்தேன். சாக்கில் உள்ளது வேண்டாம், சுவரில் உள்ளது வேண்டாம், பிள்ளைகள் பெயர் வேண்டாம், யாரும் உங்களைப் பார்த்து நினைக்க முடியாததாக இருக்கட்டும் என்றார். இந்தத் தடவையாவது பாருங்கள், சரியா என்று சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். மாட்டேன் என்றார். எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. அவருடைய பள்ளுருத்தி பஸ் போயே போய்விட்டது. அந்த வார்த்தையை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நாற்பத்தொன்றாம் லாட்டில் பூசணம் பிடித்ததை ஒதுக்கிவிட்டு, மீதியை முற்றத்தில் பாய் விரித்துக் கொட்டினோம். மழை விட்ட நேரங்களில் பரப்புவதும், தூறல் விழுந்தால் வாரி உள்ளே ஓடுவதுமாக ஒன்பது நாள் போயிற்று. பத்தாவது நாள் காலையில் வாசு சார் குடையோடு படி இறங்கி வந்தார். அடுத்த கப்பல் மறுநாள் சாயங்காலம். முற்றத்தில் என் முன்னால் வந்து நின்றார்.

"காதரே, 'தயார்' அடிக்கலாமோ?"

இருபது வருஷமாக மாடி ஆபீஸில் இருந்த மனிதர். முன்பெல்லாம் அவர் கேட்டால் தலையாட்டுவதைத் தவிர எனக்கு வேறு தெரியாது. பாயில் குனிந்து நடுக்குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டேன். ஒரு பிடி அள்ளினேன். மேல்மிளகு கலகலத்தது. அடிமிளகு இன்னும் கொஞ்சம் கனத்தது.

"ஆகல சார்."

"எப்போ ஆகும்?"

"மத்தியானம்வரை வெயில் இருந்தா ஆகும்."

அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மேலே ஏறிப் போகவில்லை. குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாயின் ஓரத்தில் உட்கார்ந்து என்னோடு மிளகைக் கிளறத் தொடங்கினார்.

நாங்கள் அப்படிக் கிளறிக்கொண்டிருந்தபோது சேச்சி கேட்டுக்குள் வந்தார். எங்கள் இருவரையும் பார்த்து நின்றார். எதிரே இருந்த சாயாக்கடைக்காரரைப் பார்த்து மூன்று விரலைக் காட்டிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுப் பாயில் வந்து உட்கார்ந்தார்.